பெடல் கிடார் ஏழுமலையைத் தேடி

பூந்தமல்லியை நான் கண்ணால் பார்ப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அதை ஓர் அரசுப் படிவத்தில் எழுதியிருக்கிறேன். நல்ல கையெழுத்தில், மை சிந்தாமல். அந்த ஒரு சொல்லை அழிப்பதற்காகத்தான் பினாங்கில் கப்பல் ஏறி, ஏழு நாள் கடலில் வாந்தி எடுத்து, சென்னைக்கு வந்து இறங்கினேன்.

யாருக்காக எழுதினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்குக்கு எதிர்க்கரையில் ஒரு விமானப்படை முகாம் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும், அதாவது மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கும், குடும்பம் எங்களுடையது. ஒரே கூரையின் கீழ் வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வரிசையை லயம் என்போம். எங்கள் லயத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். முகாமின் பண்டகசாலையில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. என் மேசைக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் படைவீரர்களின் சாப்பாட்டுக் கூடம். அங்கே தட்டு கழுவுகிறவராக இருந்தவர் எங்கள் தோட்டத்து ஏழுமலை அண்ணன்.

சனிக்கிழமை மாலைகளில் அந்தக் கூடத்தில் வெள்ளைக்கார வீரர்கள் கண்ட்ரி பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பாட்டுகளில் எப்போதும் யாராவது வீட்டை விட்டு வெகுதூரம் வந்திருப்பார்கள். பாட்டுக்கு இரண்டு கிடார், ஒரு பிடில். பிறகு, இஸ்திரி போடும் மேசைபோல நான்கு காலில் நிற்கும் பெடல் ஸ்டீல் கிடார். கம்பிகள் வானத்தைப் பார்த்திருக்கும். இடது கையில் ஓர் உருண்டை இரும்பைப் பிடித்துக் கம்பிமேல் நகர்த்த வேண்டும், வலது விரல்களால் மீட்ட வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். அதைக் கொண்டுவந்த வீரர் தம் நாட்டுக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனார். தினமும் அதைத் துடைத்து வைப்பது ஏழுமலை அண்ணனின் வேலை. துடைக்கத் துடைக்க வாசிக்கவும் தொடங்கிவிட்டார். இரண்டு வருடத்தில், அவர் இல்லாமல் சனிக்கிழமை இல்லை என்று ஆயிற்று.

ஆனால் கைதட்டல் எல்லாம் பாடுகிறவனுக்குத்தான். ஏழுமலை அண்ணன் சமையலறை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். குழுவினரின் பெயர்களைச் சொல்லும்போது அவர் பெயர் கடைசியில் வரும். பல நாள் வராது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குப் பாடுகிறவனின் முகம் தெரியாது, சிரிப்பு தெரியாது, சட்டை தெரியாது. அதனால்தானோ என்னவோ அவர் வாசிப்பு எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தபோது லயமே என்னிடம் படிவம் எழுத வந்தது. அவரும் வந்தார். "பொறந்த எடம்?" என்று கேட்டேன். "பூந்தமல்லி" என்றார், நெஞ்சை நிமிர்த்தி. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர், கப்பலே ஏறாதவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை நிற்கவில்லை.

பூந்தமல்லியில் பிறந்தவர் எந்த வருடம், எந்தக் கப்பலில் வந்தார் என்று அதிகாரிகள் சீட்டுக் கேட்டார்கள். எந்தக் கப்பலிலும் வராதவர் எந்தச் சீட்டைக் காட்டுவார்? குடியுரிமை கிடைக்கவில்லை. பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. தாம் ஒருநாளும் பார்த்திராத பூந்தமல்லிக்கு அவர் திரும்பிப் போனதாகப் பதிவானது.

அதுவரை நான் சட்டத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், பழைய அலமாரியைக் காலி செய்ய என்னை உதவிக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவேட்டில் ஏழுமலை அண்ணனின் பெயரைப் பார்த்தேன். தவறு யாருடையது என்று அந்த நிமிடம் தெரிந்தது. பதிவின் நகலில் முத்திரை வாங்கினேன், புதிய படிவம் வாங்கினேன். மாதக் கடைசியில் அதிகாரிகள் தோட்டத்துக்கே வருகிறார்கள். முதல் தடவை குடியுரிமை கிடைக்காமல் வேலை அனுமதியில் ஒட்டிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு நான் புதிதாக எழுதிக் கொடுத்த படிவங்கள் கிராணியிடம் தயாராக இருந்தன. அவற்றோடு ஏழுமலை அண்ணன் கைநாட்டு வைத்த படிவத்தையும் சேர்த்துவிட வேண்டும். சென்னையில் இறங்கியபோது திரும்பும் கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தது.

முதல் நாள் கொரட்டூரில் கழிந்தது. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ராஜாத்தி சின்னம்மாவின் வீடு ஏரியை ஒட்டி இருக்கிறது. சின்னம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நைலான் சேலையைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி, எலும்பும் தோலுமா வந்து நிக்கிற. மலேயாவுல சோறு போடறாங்களா, ரப்பர் போடறாங்களா?"

ஏரிக் கெண்டையைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்திருந்தாள். முள் அதிகம், ருசி அதைவிட அதிகம். எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு இல்லாத நாள் கிடையாது. ஏரி மீனில் மண்வாசம் வருவதை இங்கேதான் தெரிந்துகொண்டேன். சாப்பிட்டதும் இப்போதே பூந்தமல்லிக்குப் போகலாமா என்று கேட்டேன். மாலை மயங்கிக்கொண்டிருந்தது.

"ஆம்பளய தேடிகினு கடல் தாண்டி வந்துகீற. தெருவுல கேட்டா நா இன்னான்னு சொல்றது?"

"ஒரு கைநாட்டு வாங்கணும், அவ்வளவுதான் சின்னம்மா."

"கைநாட்டுக்கா இம்மாந் தொலவு வந்தே? தாலிக்கே இவ்ளோ தொலவு வரமாட்டாங்கடி."

இரண்டாம் நாள் அம்பத்தூருக்குப் போய்ப் பூந்தமல்லி பேருந்தில் ஏறினேன். திருவேற்காட்டைத் தாண்டியதும் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. நடத்துநர் ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு கூவத்தில் இறங்கினார். தண்ணீர் கொண்டுவந்து இன்ஜினுக்குக் கொடுத்தார், அது ஆவியாகக் கக்கியது, மறுபடியும் இறங்கினார். "அஞ்சே நிமிஷம்" என்று அவர் நான்கு தடவை சொன்னார். எங்கள் ஊரில் பேருந்து கெட்டால் ஓட்டுநரைச் சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் திட்டுவார்கள். இங்கே யாரும் அசையவில்லை. நான் மட்டும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மல்லிகைக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காரும்மா. நீ நின்னுகினே இருந்தா வண்டி வெக்கப்பட்டுகினு கெளம்பிடுமா? எந்த ஊரு நீ?"

"செய்யாறு" என்றேன்.

"செய்யாத்துக்காரி மாதிரி பேசலியே."

அப்பாவின் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து போனவர். அதை விளக்குவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஏழுமலை அண்ணன் கடைசியாக யாரையோ எழுதவைத்துத் தோட்டத்துக்கு அனுப்பிய கடிதத்தில் இருந்த முகவரி, பூந்தமல்லிக்குப் பக்கத்துச் சென்னீர்குப்பத்தில் அவருடைய பெரியப்பா மகன் வீடு. அந்த வீட்டு அம்மாள் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மலேயாக்காரரா? அவரு போயி ஒரு வருசம் ஆவுதே. நல்ல மனுசன்தான், சொல்லக் கூடாது. ஆனா ஒரு பலகையில கம்பிய கட்டிகினு அழ உடுவாரு பாரு, எங்க எருமை பால அடக்கிக்கும். எங்கூட்டுக்காரரு ஒரு நாளு கும்பிட்டுச் சொல்லிட்டாரு, அண்ணாத்தே, நீயும் வேணும், எருமையும் வேணும், ஆனா ரெண்டும் ஒரே ஊட்ல வேணாம்னு."

எருமை என்னைப் பார்த்தது. அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது. சனிக்கிழமைகளில் நூறு பேர் கேட்ட வாசிப்பு அது. ஆனால் அந்த நூறு பேர் எதைக் கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தபோது, எருமையாவது கவனித்திருக்கிறது என்று தோன்றியது.

ஏழுமலை அண்ணன் மாலையில் போய் உட்காரும் இடம் என்று அந்த அம்மாள் சொன்ன காதர் பாயின் சைக்கிள் கடையைப் பூந்தமல்லி கடைத்தெருவில் கண்டுபிடித்தேன். பினாங்கு என்ற சொல்லைக் கேட்டதும் பாய் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவருடைய மச்சான் பினாங்கில் பரோட்டாக் கடையில் இருக்கிறாராம். டீயும் பன்னும் வரவழைத்தார். எங்கள் ஊர்க் கோப்பியில் கெட்டிப்பால் அடியில் தங்கி நிற்கும். இந்த டீயை ஒரு முழம் மேலிருந்து ஆற்றிக் கொடுக்கிறார்கள், நுரைதான் பாதி.

"ஒரு நாளு வந்து பிரேக் கம்பி எட்டு கேட்டாரும்மா. சைக்கிள் எங்கன்னேன். சைக்கிள் இல்ல பாய், கிடாருன்னாரு. இன்னாடா இது, மண்டை கொழம்பின கேஸுன்னு நெனச்சேன். பெடலு கேட்டாரு. ஒடஞ்ச தையல் மெஷின் ஒண்ணு கெடந்துது, அதோட மிதிய எடுத்துக்கன்னேன். ஆறு மாசம், தெனம் சாயந்தரம் இந்த மூலையில குந்திகினு அறுக்கறதும் ராவறதும்."

"முடிச்சிட்டாரா?"

"முடிச்சி, முதல்ல எனக்குத்தான் வாசிச்சி காட்டினாரு. நா பங்க்சர் ஒட்டிகினே கேட்டேன். முடிஞ்சப்புறம் பாக்கறேன், டியூபுல நாலு எடத்துல ஒட்டு போட்டு வெச்சிகீறேன். ஓட்டை ஒண்ணுதாம்மா."

இவ்வளவு நல்ல விமர்சனத்தை நான் எங்கும் கேட்டதில்லை. பாய் இன்னும் ஒரு டீ சொன்னார். இப்போது ஏழுமலை அண்ணன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் கேண்டீனில் வேலை செய்கிறார் என்ற தகவல் அந்த இரண்டாவது டீயோடுதான் வந்தது.

மூன்றாம் நாள் கொரட்டூரில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். ஆவடிக்குச் சில நிலையங்கள்தான். இதில் தவறு செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்தேன். பெண்கள் பெட்டியில் கூடை, குழந்தை, முறம், மறுபடியும் கூடை. ஆவடி வந்ததும் எழுந்தேன். எனக்கும் கதவுக்கும் நடுவில் ஏறுகிறவர்கள் ஒரு சுவர்போல வந்தார்கள். "எறங்கணும்" என்று பணிவாகச் சொன்னேன். பணிவாகச் சொல்வதை அந்தப் பெட்டியில் யாரும் கேட்டுப் பழக்கமில்லை. ரயில் என்னைப் பட்டாபிராமில் கொண்டுபோய் விட்டது. தலைமுடியெல்லாம் கரித்தூள். சைக்கிள் ரிக்‌ஷாவில் திரும்பி வந்தபோது தொழிற்சாலையில் மதியச் சங்கு ஊதிவிட்டது.

வாயிற்காவலர் உள்ளே சொல்லி அனுப்பினார். காத்திருந்த நேரத்தில், சொல்லவேண்டியதை மனதில் மூன்று விதமாக எழுதித் திருத்தினேன். ஏழுமலை அண்ணன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முன்தலை வழுக்கை. அதே குனிந்த நடை.

"கோமதியா? பண்டகசாலை கோமதியா? இங்க என்னா லா பண்றே?"

அந்த 'லா'வை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாம்போல் இருந்தது. இந்த நாட்டில் இறங்கி மூன்று நாளாக யாரும் சொல்லாத எங்கள் ஊர் ஓசை. அவர் தட்டில் சாம்பார் சாதம் கொண்டுவரச் சொல்லி வேப்பமரத்தடியில் என்னை உட்காரவைத்தார்.

"இன்னும் தட்டுதான் கழுவறேன்" என்று சிரித்தார். "அங்க என்ன மெட்ராஸ்னு கூப்ட்டாங்க. இங்க மலேயான்றாங்க. பேரச் சொல்லிக் கூப்பிட ஒருத்தனும் இல்ல, பெரெய்ராவத் தவிர."

"அண்ணே, நான் ஒரு விஷயமா..."

"நாளைக்கி சாயந்தரம் வா. அம்பத்தூர்ல, ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பெரெய்ரா ஊடுன்னா சொல்வாங்க. ரயில் ஓட்டினவரு. அவரு பாடுவாரு, நா வாசிப்பேன். பேச்செல்லாம் அப்பறம்."

மறுபடியும் சங்கு ஊதியது. அவர் போய்விட்டார். படிவம் என் பையில் மடியாமல் அப்படியே இருந்தது. எனக்கு அன்றே அங்கேயே சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஓர் இரவு தள்ளிப்போனதில் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து என்னைக் கொரட்டூர் ஏரிக்கரையில் இருட்டும்வரை நடக்கவைத்தன.

நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கே அம்பத்தூரில் இருந்தேன். பெரெய்ரா ஆங்கிலோ இந்தியர், ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், வேட்டி கட்டியவர், இரண்டு பேரின் உடம்பு அவருக்கு. அவர் மனைவி எனக்கு மிளகுத் தண்ணியும் சோறும் கொடுத்தார். முன்னறையில் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர்.

அப்போதுதான் அந்த வாத்தியத்தைப் பார்த்தேன். வண்டிப் பட்டறையில் வாங்கிய தேக்குப் பலகை. நான்கு இரும்புக் கால்கள். அடியில் சைக்கிள் பிரேக் கம்பிகள், கட்டைகள், சுருள் கம்பிகள். தையல் மெஷினின் மிதியை இரண்டாக அறுத்து இரண்டு பெடல். பலகையிலிருந்து ஒரு வயர் போய்ப் பெரெய்ராவின் பெரிய ரேடியோவின் முதுகில் நுழைந்தது. முகாமில் இருந்தது பளபளக்கும் கறுப்பு அரக்குப் பூச்சு. இது மாட்டுவண்டிக்குத் தங்கைபோல் இருந்தது.

பெரெய்ரா பாடினார். வீட்டுக்குப் போகும் ரயிலைப் பற்றிய பாட்டு. முதல் நான்கு வரிகளுக்கு ஏழுமலை அண்ணன் ஒன்றுமே வாசிக்கவில்லை. கைகளைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான்காவது வரி முடிந்து பெரெய்ரா மூச்சு இழுத்த இடைவெளியில் இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டார். அதில் ஒன்று நின்ற இடத்தில் நின்றது. மற்றது, அவர் பெடலை மிதிக்க மிதிக்க, மெல்ல மேலேறி அதை நோக்கி வந்தது. ஒருவர் வாசலில் நிற்க, இன்னொருவர் தெருமுனையிலிருந்து நடந்து வருவதுபோல. வந்து சேர்வதற்கு ஒரு மயிரிழை முன்னால் உள்ளங்கையால் கம்பியை அடக்கிவிட்டார். மீதியை நம் காதே போட்டுக்கொண்டது.

பெடலை வேகமாக மிதித்து வித்தை காட்டுகிறவர்களை முகாமுக்கு வந்த குழுக்களில் கேட்டிருக்கிறேன். அவர்கள் வாசிக்கும்போது பாட்டு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். இவர் பாட்டுக்கு வழிவிட்டே வாசித்தார். ஒரு பாட்டில் மூன்று தடவை ஒரே இடம் வந்தது. மூன்று தடவையும் வேறு வேறு. மூன்றாவது தடவை ஒரே ஒரு சுரம். அது போதுமாக இருந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிது. பாட்டின் உச்சியில் ஓர் உயர்ந்த சுரம் இருந்தது. பெரெய்ராவின் வயதுக்கு அது எட்டாது. அவர் ஏறத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே ஏழுமலை அண்ணனின் இரும்பு அந்த இடத்துக்குப் போய்விட்டது. பெரெய்ராவின் குரல் அரைப்படி கீழே நின்றது. கம்பியின் ஓசை அதை அடியிலிருந்து தாங்கி மேலே சேர்த்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் குரல்தான் எட்டியதாகக் கேட்டிருக்கும். கைதட்டல் எழுந்தது.

"பாத்தியா மேன்" என்றார் பெரெய்ரா, வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "இந்த வயசுலயும் அந்த இடத்தைப் புடிச்சிட்டேன்."

"ஆமா சார், இன்னிக்கி சுத்தமா புடிச்சீங்க" என்றார் ஏழுமலை அண்ணன். அவர் முகத்தில் கேலி இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை சனிக்கிழமை, எத்தனை பேரின் குரலை இவர் இப்படித் தூக்கிவிட்டிருப்பார். பெயர் சொல்ல மறந்தவர்களில் பாதிப்பேர் இவர் கொடுத்த குரலில்தான் பாடினார்கள்.

எல்லாரும் போனபின் கொல்லைப்புறத்தில் அவர் பெடல்களைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மூன்று விதமாகத் திருத்தி வைத்திருந்ததில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பதிவேட்டைப் பார்த்தது, பிறந்த இடத்தில் நான் எழுதியது, அதனால் ஆனது, எல்லாம் முன்பின்னாகச் சொன்னேன்.

அவர் எண்ணெய் போடுவதை நிறுத்தவில்லை. ஒரு பெடல் முடிந்தது. அடுத்ததை எடுத்தார்.

"எங்கப்பன் தெனம் வேலைக்கி எறங்குமுன்ன சொல்வாரு, நாம பூந்தமல்லிக்காரங்கடான்னு. எனக்கு அது பொய்யாவே தோணல."

"எனக்கும் தோணல அண்ணே."

"நீ படிச்சவ."

அவ்வளவுதான் சொன்னார். என் வாழ்நாளில் அந்தச் சொல்லை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டு நிமிர்ந்திருக்கிறேன். அன்று எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறப்புப் பதிவின் நகலை நீட்டினேன். படிக்கச் சொன்னார். படித்தேன். ஆண் குழந்தை. தந்தை முனுசாமி. தாய் அங்கம்மாள், பால்வெட்டு.

"அம்மா பேரு எழுதிகீதா?"

"இருக்கு."

"எங்க?"

காட்டினேன். எழுத்து தெரியாதவர், அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். நகலை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். படிவத்தை நீட்டினேன். அதை வாங்கவில்லை.

"என்னுது கெடக்கட்டும். காளியப்பனுக்கு பொறந்த எடம் இன்னா போட்ட?"

"எந்தக் காளியப்பன்?"

"நம்ம லயத்துக் காளியப்பன். அவனுக்கும் நீதானே எழுதின?"

"ஆரணி" என்றேன்.

"அவன் நாலாம் நம்பர் ஊட்ல பொறந்தான். அன்னிக்கி மழை, கூரை ஒழுகி, எங்கம்மா கொடை புடிச்சிகினு நின்னா. அஞ்சலைக்கி?"

"வந்தவாசி."

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். அஞ்சலையும் அங்கேதான் பிறந்தவள். நான் எழுதிய படிவங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஆற்காடு, செங்கம், போளூர். நல்ல கையெழுத்தில். பழைய படிவத்தைப் பார்த்து நானே மறுபடியும் எழுதிக் கிராணியிடம் அடுக்கிக் கொடுத்தவை. அதிகாரி வருமுன் எல்லாரிடமும் கைநாட்டு வாங்கிவைத்துவிடுகிறேன் என்று கிராணி சொல்லியிருந்தார். அதில் ஏழுமலை என்ற ஒரு பெயரைத் திருத்துவதற்காக நான் கடல் தாண்டி வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்து அவர் யாருடைய பெயரைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லவில்லை. என் அப்பாவுக்குப் போட்டது செய்யாறு என்று நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"போ" என்றார். "மொதல்ல அங்க கீறவங்களுத பாரு. நா திரும்பி போயி மறுபடி அவங்க தட்டக் கழுவறதா, இல்ல இத வெச்சிகினு இங்கயே கெடக்கறதான்னு யோசிக்கணும். அது என் கவல. முடிவு பண்ணி கடுதாசி போடறேன். பெரெய்ராவ எழுதச் சொல்லிக்கறேன்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தவாட்டி உன்னாண்ட எழுதச் சொல்ல மாட்டேன்."

அவர் சிரிப்பில் விஷம் இல்லை. இருந்தும் என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை தந்தி அலுவலகம் திறக்குமுன் வாசலில் நின்றேன். நண்பகலில் கப்பல். பெட்டியோடு சின்னம்மாவும் வந்திருந்தாள். முதல் தாளில் ஆங்கிலத்தில் அப்பாவுக்கு மட்டும் எழுதினேன். நான் வரும்வரை கைநாட்டு வைக்க வேண்டாம், கோமதி. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்துக்கு வரும் தந்தியைக் கிராணி விடியற்காலையில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது உரக்கப் படிப்பார். எங்கள் பக்கத்தில் அந்த வரிசைக்குப் பெரட்டு என்று பெயர். படித்ததும் அப்பா கையை இழுத்துக்கொள்வார். காளியப்பன் நீட்டுவார். அஞ்சலை நீட்டுவாள். நம்ம கோமதி எழுதியது, தப்பிருக்காது என்று நீட்டுவார்கள்.

தாளைக் கிழித்தேன். இன்னொன்று வாங்கிக் கிராணியின் பெயருக்கு எழுதினேன்.

தந்தி எழுத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். நான் எழுதிய படிவங்கள் எல்லாம் தவறு. ஒருவரும் கைநாட்டு வைக்க வேண்டாம். பெரட்டில் எல்லாருக்கும் படிக்கவும். கோமதி.

"வெளிநாட்டுக்கு வார்த்தைக்கு வார்த்தை கணக்கும்மா" என்றார். "கைநாட்டு வைக்க வேணாம்னு சொல்லிட்டீங்க, அதுவே போதும். நீங்க எழுதினது, தப்பு, இதெல்லாம் எதுக்கு? எடுத்துடட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றேன். "அது இருக்கட்டும்."